குழந்தையும் கணிதமும்: பேராசிரியர் பிராய்டென்தாலின் ஆராய்ச்சிப் பணி

பள்ளிப் பாடங்களுள் கணிதம் மிகப் பழமையானது; அதைக் கற்பிக்கும் முறையை ஆராயும் துறையோ மிகப் புதியது. கூட்டல் கணக்கொன்றைக் குழந்தை தவறாகப் போட்டால், கவனக் குறைவு என்றோ மந்த புத்தி என்றோ கூறிவிட்டு அடுத்த கணக்குக்குச் செல்வதே நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். அத்தவறு எவ்வாறு பிறந்தது, விடை எழுதுவதற்கு முன் குழந்தையின் மனத்தில் நிகழ்ந்தது யாது என்று முறைப்படி வினவும் ஆராய்ச்சி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தனித் துறையாக உருப்பெற்றது. அத்துறைக்குச் சர்வதேச சஞ்சிகை, மாநாடு, ஆராய்ச்சி நிலையம் ஆகியவை தோன்றுவதற்குப் பெரிதும் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் ஹாலந்து நாட்டுக் கணிதப் பேராசிரியர் ஹான்ஸ் பிராய்டென்தால் ஆவார்.

உயர் கணிதத்தில் தம் பெயரால் ஒரு தேற்றமே வழங்கும் அளவுக்குப் புகழ் பெற்ற அவர், தம் வாழ்நாளின் பிற்பகுதியை ஆரம்பப் பள்ளியின் எண்கணிதத்திற்கு அளித்தார். பெருக்கல் வாய்ப்பாடும் பின்னமும் பெரிய ஆராய்ச்சியாளர் ஒருவரின் கவனத்திற்கு உரியவையா என்று வியப்பவர் இன்றும் உண்டு. அவையே மிகக் கடினமான ஆராய்ச்சிப் பொருள்கள் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அவர் எவ்வாறு இம்முடிவுக்கு வந்தார், அதனால் வகுப்பறையில் விளைந்தது என்ன, அதன் வரம்புகள் யாவை என்பன ஆசிரியர்களும் கள ஊழியர்களும் அறிந்திருக்கத் தக்கவை.

இளமையும் கணித ஆராய்ச்சியும்

பிராய்டென்தால் 1905-ம் ஆண்டு செப்டம்பர் 17-ம் தேதி, பெர்லின் நகருக்குத் தெற்கே உள்ள லுக்கன்வால்டே என்னும் ஜெர்மானியச் சிற்றூரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1923-ம் ஆண்டில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1927-ம் ஆண்டில் சில காலம் பாரிஸ் நகரிலும் பயின்றார். ஹைன்ஸ் ஹாப் என்னும் புகழ் பெற்ற கணித அறிஞரின் வழிகாட்டுதலில் தம் ஆராய்ச்சியை முடித்தார்.

அவர் தேர்ந்தெடுத்த துறை இடவியல் எனப்படும். ஒரு வடிவத்தைக் கிழிக்காமலும் ஒட்டாமலும் வளைத்தாலும் நீட்டினாலும் மாறாமல் நிற்கும் தன்மைகளை ஆராய்வது அது. அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான பிரௌவர், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் தமக்கு உதவியாளராக வருமாறு அழைத்ததன் பேரில், 1930-ம் ஆண்டில் பிராய்டென்தால் ஹாலந்துக்குக் குடியேறினார். 1937-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட தேற்றம், கோளங்களைப் பற்றிய இடவியல் ஆராய்ச்சியில் ஓர் அடிப்படை முடிவாக இன்றளவும் பயன்பட்டு வருகிறது.

1932-ம் ஆண்டில் சூஸ் லுட்டர் என்னும் டச்சுப் பெண்மணியை அவர் மணந்தார். அம்மையார் கல்வித் துறையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். வயது வேறுபட்ட குழந்தைகளை ஒரே குழுவில் கூட்டிப் பயிற்றும் ஜெர்மானிய முறையான 'ஜீனா திட்டத்தை' ஹாலந்தில் பரப்பியவர் அவரே. கல்வி பற்றிய பேச்சு அவ்வீட்டில் அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது என்பதைப் பிற்கால வரலாற்றை அறிய விரும்புவோர் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

போர்க்காலத்தில் பிறந்த ஆர்வம்

1940-ம் ஆண்டு மே மாதம் ஜெர்மானியப் படை ஹாலந்தைக் கைப்பற்றியது. அவ்வாண்டு இறுதிக்குள் யூதர்களான அரசாங்க ஊழியர் அனைவரும் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். பிராய்டென்தாலும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. மனைவி யூதர் அல்லாதவர் என்ற காரணத்தால், அந்நாட்டு யூதர்களுள் மிகப் பெரும்பாலோர் அனுப்பப்பட்ட கொலை முகாம்களிலிருந்து அவர் தப்பினார். ஆயினும் 1944-ம் ஆண்டில் ஹாவெல்டே என்னும் இடத்திலிருந்த கட்டாய உழைப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கிருந்து தப்பி, போர் முடியும் வரை ஆம்ஸ்டர்டாமில் மறைந்து வாழ்ந்தார்.

வேலையும் விரிவுரை மண்டபமும் பறிக்கப்பட்ட அக்காலத்தில்தான் அவருடைய இரண்டாவது ஆராய்ச்சி வாழ்க்கை கருக்கொண்டது. வீட்டில் அடைபட்டிருந்த அவர், தம் சொந்தக் குழந்தைகளுக்கு எண்கணிதம் கற்பிக்கலானார். கற்பிக்கும்போது எழுந்த ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள, எண்கணிதப் போதனை பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். 1942-ம் ஆண்டில் தம் குறிப்புகளையும் எழுதி வைத்தார். குழந்தை எண்ணுவதற்கும் கூட்டுவதற்கும் இடையே இத்தனை படிகள் இருக்கின்றனவா என்பதே கோளங்களின் இடவியலை ஆராய்ந்த அறிஞருக்கு அப்போது ஏற்பட்ட வியப்பு.

உட்ரெக்ட் நகரில்

போர் முடிந்தபின், 1946-ம் ஆண்டில் பிராய்டென்தால் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக நியமனம் பெற்றார். முப்பது ஆண்டுக்காலம் அங்கேயே பணியாற்றினார். 1951-ம் ஆண்டில் ஹாலந்து அரச விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார். உயர் கணித ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெற்றது. அதனுடன் கூடவே, புதிய கல்வி இயக்கத்தைச் சார்ந்த கணித ஆசிரியர் குழுவொன்றிலும் அவர் சேர்ந்து உழைத்தார். அக்குழுவில் பேராசிரியரும் பள்ளி ஆசிரியரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, நடந்து முடிந்த பாடங்களைப் பற்றி விவாதித்தனர்.

1960-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு நூல் விசித்திரமானது. வேற்றுக் கிரகங்களில் அறிவுள்ள உயிர்கள் இருப்பின், அவற்றுடன் வானொலி அலைகளின் மூலம் பேசுவதற்கு ஒரு மொழியை அதில் அவர் அமைத்தார். எண்களில் தொடங்கிப் படிப்படியாகப் பொருளை உணர்த்திச் செல்லும் முறை அது. பொதுமொழி எதுவும் இல்லாத இருவருள் ஒருவர் மற்றவருக்கு ஒரு கருத்தை எவ்வாறு அறிவிப்பது என்பதே அந்நூலின் அடிப்படைச் சிக்கல். முதல் வகுப்பு ஆசிரியர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கலும் ஏறக்குறைய அதுவே.

ஓர் ஆசிரியத் தம்பதியர்

1957-ம் ஆண்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் பள்ளி ஆசிரியர்களான பியர் வான் ஹீலேயும் அவருடைய மனைவி டினா வான் ஹீலே-கெல்டோஃபும் ஆவர். பியரின் ஆராய்ச்சிக்குப் பிராய்டென்தால் வழிகாட்டியாக இருந்தார். உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில் வடிவகணிதம் நடத்தியபோது மாணவர் கூறியவற்றையும் செய்தவற்றையும் டினா விரிவாகப் பதிவு செய்திருந்தார். அவ்வகைப் பதிவுகளின் பின்னணியில் எழும் பொதுவிதியைப் பியர் வகுத்துக் காட்டினார்.

அவர்கள் கண்டது இதுவே: வடிவகணிதச் சிந்தனை பல நிலைகளில் வளர்கிறது. முதல் நிலையில் குழந்தை வடிவத்தை முழுத் தோற்றத்தால் இனம் காண்கிறது. சதுரத்தைச் சற்றுச் சாய்த்து வரைந்தால், "இது சதுரம் அன்று" என்று கூறிவிடும். அடுத்த நிலையில், நான்கு பக்கமும் சமம், நான்கு கோணமும் செங்கோணம் என்று பண்புகளைப் பட்டியலிடும். அதற்கும் அடுத்த நிலையில்தான் பண்புகளுக்கிடையே உள்ள உறவு புலப்பட்டு, "சதுரமும் ஒருவகைச் செவ்வகமே" என்பது விளங்கும். நிரூபணம் அதற்கும் மேலே உள்ள நிலைக்கு உரியது. ஆசிரியர் ஒரு நிலையிலும் மாணவர் மற்றொரு நிலையிலும் நின்று பேசினால், இருவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளார். மாணவன் நிரூபணத்தை மனப்பாடம் செய்வது இவ்வாறான நிலையில்தான்.

டினா அம்மையார் ஆராய்ச்சியை முடித்த சிறிது காலத்திற்குள் காலமானார். அவர்தம் முடிவுகளைச் சோவியத் நாட்டினர் 1960-களில் தம் வடிவகணிதப் பாடத்திட்டத்திற்குப் பயன்படுத்தினர். பிராய்டென்தாலின் நூல்கள் வாயிலாகவும் அவை பிற நாடுகளுக்குப் பரவின. வகுப்பறையில் கூர்ந்து நோக்கிய ஆசிரியரே ஆராய்ச்சியாளராகவும் விளங்க முடியும் என்பதற்கு இத்தம்பதியரை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

புதுக்கணித அலை

1957-ம் ஆண்டில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியதும், மேலை நாடுகளில் விஞ்ஞான, கணிதப் போதனை பற்றிப் பெருங்கவலை எழுந்தது. 1959-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் ரோயோமோன் என்னுமிடத்தில் கூடிய கருத்தரங்கில், பழைய யூக்ளிட் முறை வடிவகணிதத்தை அகற்றிவிட்டுப் புதிய கணிதத்தைப் பள்ளிகளில் புகுத்த வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலித்தது. கணங்கள், அமைப்புகள், தருக்கக் குறியீடுகள் முதலியன பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறலாயின. இவ்வலை இந்தியாவையும் தொட்டது; கணங்களைப் பற்றிய பாடம் இங்கும் பள்ளி வகுப்புகளுக்கு வந்தது.

புதிய கணிதத்தை நன்கு அறிந்த பிராய்டென்தால், அதைக் குழந்தைகளுக்கு இவ்வாறு புகட்டுவதை வன்மையாக எதிர்த்தார். கணித அறிஞர் நெடுங்காலம் தேடி, தவறி, திருத்தி, இறுதியில் ஒரு வரையறையை அடைகிறார். பாடநூலோ அந்த இறுதி வரையறையை முதல் பக்கத்தில் வைத்துத் தொடங்குகிறது. வந்த வழியை மறைத்துவிட்டு முடிவைத் தொடக்கமாக்கும் இத்தலைகீழ் முறை போதனைக்கு விரோதமானது என்று அவர் கூறினார். எவ்வளவு புதிய கணிதமாயினும், ஆயத்தமான சரக்காக அதை ஒப்படைத்தால் பழைய குறையே மிஞ்சும் என்பது அவர் வாதம்.

உதாரணமாக, பின்ன வகுத்தலை எடுத்துக்கொள்ளலாம். 'வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக' என்ற விதியைப் பெரும்பாலான மாணவர் ஒப்பிப்பர். மூன்று லிட்டர் எண்ணெயை அரை லிட்டர்ப் புட்டிகளில் நிரப்ப எத்தனை புட்டிகள் வேண்டும் என்று கேட்டால், அவ்விதியை அறியாத சிறுவனும் ஆறு என்பான். லிட்டருக்கு இரண்டு புட்டி, ஆகவே மூன்றை இரண்டால் பெருக்க வேண்டும் என்று அவன் காரணமும் கூறுவான். முக்கால் லிட்டர்ப் புட்டியாயின் என்ன ஆகும் என்று தொடர்ந்தால், நான்கு புட்டிகளில் மூன்று லிட்டர் அடங்கும் என்று அவனே கண்டுகொள்வான். இத்தகைய பல கணக்குகளின் முடிவில் வரவேண்டிய விதி, பாடத்தின் முதல் வரியில் வந்து நின்றுவிட்டால், சிறுவனின் சொந்த அறிவுக்கு அங்கு வேலையில்லை.

ஆகவே கணிதம் என்பதை முதன்மையாக ஒரு செயலாக அவர் கருதினார். உலகில் உள்ள சூழ்நிலையொன்றை எண்ணாலும் வடிவாலும் ஒழுங்குபடுத்துவதே அச்செயல். இதைக் 'கணிதமயமாக்கல்' என்பர். ஆசிரியர் துணையுடன் மாணவர் தாமே கணிதத்தை மறுபடியும் கண்டுபிடிக்குமாறு செய்வதே போதனை. மனித குலம் பல நூற்றாண்டுகளில் கடந்த வழியைக் குழந்தை முழுவதும் நடக்க வேண்டியதில்லை. முக்கியமான திருப்பங்களை ஆசிரியர் தேர்ந்து தர வேண்டும். தனியே விட்டுவிட்டால் குழந்தை தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று அவர் ஒருபோதும் கூறவில்லை.

சர்வதேசப் பணி

1967 முதல் 1970 வரை சர்வதேசக் கணிதப் போதனைக் குழுவின் தலைவராக அவர் பணியாற்றினார். 1967-ம் ஆண்டில், பயன்படும் வகையில் கணிதம் கற்பிப்பது எங்ஙனம் என்ற பொருள் பற்றி உட்ரெக்டில் ஒரு கருத்தரங்கைக் கூட்டினார். 1968-ம் ஆண்டில் கணிதக் கல்வி ஆராய்ச்சிக்கென ஒரு சர்வதேச சஞ்சிகையைத் தொடங்கினார். மேற்கூறிய கருத்தரங்கின் கட்டுரைகள் அதன் முதல் தொகுதியில் வெளிவந்தன. 1969-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கணிதக் கல்விக்கான முதல் சர்வதேச மாநாடு பிரான்ஸின் லியோன் நகரில் நடைபெற்றது. அச்சஞ்சிகையும் மாநாடும் இன்றளவும் தொடர்ந்து வருகின்றன.

நிலையமும் அதன் முறையும்

ஹாலந்து அரசாங்கம் 1961-ம் ஆண்டில் கணிதப் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்க ஒரு குழுவை அமைத்தது. ஆரம்பப் பள்ளிக் கணிதத்திற்கான 'விஸ்கோபாஸ்' திட்டம் 1968-ம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. 1971-ம் ஆண்டில் உட்ரெக்டில் கணிதக் கல்வி வளர்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் இயக்குநராகப் பிராய்டென்தால் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல்.

அந்நிலையத்தின் ஆராய்ச்சி முறை எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. முதலில், ஒரு பாடம் எவ்வாறு நடக்கும், குழந்தைகள் என்ன கூறக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் மனத்தில் நடத்திப் பார்ப்பர். அடுத்து, பள்ளி ஆசிரியருடன் சேர்ந்து அப்பாடத்தை வகுப்பில் நடத்துவர். எதிர்பாராமல் நிகழ்ந்தவற்றைக் குறித்துக்கொண்டு பாடத்தைத் திருத்துவர். திருத்தியதை மீண்டும் நடத்துவர். மற்றவர் தாமும் அவ்வழியே சென்று சோதித்துப் பார்க்கும் வகையில், நடந்தவற்றை ஒளிவு மறைவின்றி எழுதிவைப்பர்.

மாணவரின் மதிப்பெண்களை மட்டும் கூட்டிச் சராசரி காண்பதைப் பிராய்டென்தால் போதுமானதாகக் கருதவில்லை. நாடுகளுக்கிடையே நடைபெற்ற தேர்வு ஒப்பீடுகளை 1975-ம் ஆண்டிலேயே அவர் கடுமையாக விமரிசித்தார். கேட்கப்பட்ட வினா ஒரு நாட்டுப் பாடத்திட்டத்தில் உண்டா, மொழிபெயர்ப்பு பொருந்துமா, மாணவர் எவ்வாறு சிந்தித்து விடை கண்டனர் என்பன தெரியாமல், எண்ணிக்கை மட்டும் என்ன உணர்த்தும் என்று வினவினார். அவரோ தம் பேரக் குழந்தைகளுடன் உலாவச் செல்லும்போது அவர்கள் கேட்ட கேள்விகளையும், படிகளை எண்ணிய விதத்தையும் கூட ஆராய்ச்சிக் குறிப்புகளாக எழுதி வந்தார். ஒரு குழந்தையின் புரிதல் திடீரென ஒரு படி மேலே தாவும் கணத்தைக் காண்பதே ஆராய்ச்சியாளரின் பேறு என்று அவர் மதித்தார்.

வகுப்பறையில் இரண்டு பாடங்கள்

அந்நிலையமும் அதன் வழித்தோன்றல்களும் உருவாக்கிய பாடங்கள் பல. அவற்றுள் இரண்டினை இங்குக் காணலாம்.

முதலாவது, அரக்கனின் கை. "நேற்றிரவு நம் பள்ளிக்கு ஓர் அரக்கன் வந்து போயிருக்கிறான், கரும்பலகையில் அவன் கையின் அடையாளம் இருக்கிறது" என்று ஆசிரியர் கூறுகிறார். பலகையில் மிகப் பெரிய கையொன்று வரையப்பட்டிருக்கிறது. அரக்கனின் உயரம் என்ன, அவன் உட்கார எவ்வளவு பெரிய நாற்காலி வேண்டும் என்பன வினாக்கள். குழந்தைகள் தம் கையை வைத்து அளக்கின்றனர். அரக்கனின் கை நான்கு மடங்கு நீளம் எனில், அவன் உயரமும் நான்கு மடங்கு என்று காண்கின்றனர். அவனுக்குக் கைக்குட்டை தைக்க நான்கு மடங்கு துணி போதுமா என்று ஆசிரியர் கேட்கிறார். நீளமும் நான்கு மடங்கு, அகலமும் நான்கு மடங்கு. ஆகவே பதினாறு மடங்கு துணி தேவை. விகிதமும் பரப்பும் என்ற இரண்டு கடினமான கருத்துகள், அப்பெயர்கள் வருமுன்னரே குழந்தைகளின் கைக்கு எட்டிவிடுகின்றன.

இரண்டாவது, பெற்றோர் கூட்டம். பள்ளிக்கு 81 பெற்றோர் வருகின்றனர். மேசை ஒன்றுக்கு அறுவர் அமரலாம். எத்தனை மேசைகள் போட வேண்டும்? வகுத்தல் இன்னும் கற்பிக்கப்படாத வகுப்பில் இவ்வினா வைக்கப்படுகிறது. ஒரு சிறுமி மேசைகளை ஒவ்வொன்றாக வரைந்து ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று கூட்டிச் செல்கிறாள். மற்றொருவன், பத்து மேசைக்கு 60 பேர், மேலும் மூன்று மேசைக்கு 18 பேர், ஆக 78 என்று விரைந்து வருகிறான். மூவர் மிஞ்சுவர்; அவர்களை நிற்க வைக்க முடியாது. ஆகவே 14 மேசைகள். வழிகளைப் பலகையில் அருகருகே எழுதி, எது சுருக்கமானது, ஏன் என்று வகுப்பார் விவாதிக்கின்றனர். பத்துப் பத்தாகக் கழிக்கும் வழியே படிப்படியாகச் சுருங்கி நீள் வகுத்தலாகிறது. '13, மீதி 3' என்ற விடை ஏட்டில் சரியாகவும் கூட்டத்தில் தவறாகவும் இருப்பதையும் மாணவர் உணர்கின்றனர்.

சூழ்நிலையிலிருந்து கணிதத்திற்கு வருவது ஒரு பாதி; வந்தபின் கணிதத்திற்குள்ளேயே வழிகளைச் சுருக்கியும் ஒழுங்குபடுத்தியும் மேலே செல்வது மறு பாதி. முன்னதைக் கிடைக் கணிதமயமாக்கல் என்றும் பின்னதைச் செங்குத்துக் கணிதமயமாக்கல் என்றும் அவருடைய சக ஆராய்ச்சியாளரான ட்ரெஃபெர்ஸ் பெயரிட்டார். கதை சொல்லிச் சிரிக்க வைத்து, மேசைப் படத்துடன் நின்றுவிடும் பாடம் பாதிப் பாடமே.

நிலையம் மூடப்பட்டது

பிராய்டென்தால் 1976-ம் ஆண்டு வரை நிலையத்தை நடத்தினார். ஒரே நிறுவனத்தின் கீழ்ப் பாடத்திட்டப் பணிகளைக் கொண்டுவரக் கருதிய அரசாங்கம், 1981-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நிலையத்தை மூடியது. ஊழியர் பலர் பிரிந்தனர். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு ஆராய்ச்சிக் குழுவே எஞ்சியது. பாடம் அமைப்பவர் ஓரிடத்திலும் ஆராய்ச்சி செய்பவர் வேறிடத்திலும் இருப்பின் இரண்டும் நலிவுறும் என்பது பிராய்டென்தாலின் கருத்தாதலால், இது அவருடைய பணிக்கு விழுந்த பலத்த அடியாகும்.

ஆயினும் அச்சிறு குழு கலையவில்லை. 1980-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் நடந்த சர்வதேச மாநாட்டில், கணிதக் கல்வியின் பெருஞ்சிக்கல்கள் பதினொன்றை வகுத்துப் பிராய்டென்தால் உரையாற்றினார். அவற்றுள் முதலாவது, ஒரு குறிப்பிட்ட சிறுமிக்கு எண்கணிதம் ஏன் வரவில்லை என்பதே. மாணவர் பொதுவாக ஏன் தவறுகின்றனர் என்று கேளாமல், பெயருள்ள ஒரு குழந்தையை முன்னிறுத்திக் கேட்டது அவருடைய நோக்கு முழுவதையும் காட்டுவதாகும். 1983-ம் ஆண்டில் தம் முக்கிய நூலொன்றை வெளியிட்டார். நீளம், விகிதம், பின்னம் முதலிய கருத்துகள் உலகில் எந்தெந்த நிகழ்ச்சிகளை ஒழுங்குபடுத்தப் பிறந்தன என்று ஒவ்வொன்றாக அதில் ஆராய்ந்தார். எண்பது வயதைக் கடந்தபின், 1987-ம் ஆண்டில் சீனா சென்று சொற்பொழிவாற்றினார்.

1990-ம் ஆண்டு அக்டோபர் 13-ம் தேதி, உட்ரெக்ட் நகரப் பூங்கா ஒன்றின் இருக்கையில் அமர்ந்தவாறே அவர் உயிர் நீத்தார். சீனச் சொற்பொழிவுகளை ஒட்டிய நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது. எஞ்சியிருந்த ஆராய்ச்சிக் குழு வளர்ந்து, அதே 1991-ம் ஆண்டில் பிராய்டென்தால் நிலையம் என்ற பெயரைப் பெற்றது. தொடர்ந்த ஆராய்ச்சிப் பணிக்காகச் சர்வதேசக் கணிதப் போதனைக் குழு வழங்கும் பதக்கத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2003-ம் ஆண்டில் முதன்முதலாக அதைப் பெற்றவர் இங்கிலாந்தின் சீலியா ஹாயில்ஸ் அம்மையார்.

எதிர்ப்பும் மதிப்பீடும்

இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஹாலந்தின் ஆரம்பப் பள்ளிக் கணித நூல்கள் ஏறக்குறைய அனைத்தும் இம்முறையைத் தழுவின. அதன்பின் எதிர்ப்பும் எழுந்தது. மாணவருக்கு எழுத்துக் கணக்கில் பயிற்சி குறைந்துவிட்டது, வழிகள் பலவாகி எதிலும் திறமை ஏற்படவில்லை, திறன் குறைந்த மாணவர் குழம்புகின்றனர் என்று கணித அறிஞர் சிலர் குறை கூறினர். விவாதம் முற்றவே, அரச விஞ்ஞானக் கழகம் ஒரு குழுவை அமைத்தது. 2009-ம் ஆண்டில் வெளியான அதன் அறிக்கை, பழைய முறை, புதிய முறை ஆகிய இரண்டினுள் ஒன்று மற்றொன்றை விடச் சிறந்தது என்று நிறுவுவதற்கு ஆராய்ச்சிச் சான்று இல்லை எனத் தெரிவித்தது. ஆசிரியரின் திறமையும் பயிற்சியுமே முக்கியம் என்று அது வற்புறுத்தியது.

இம்முடிவு அவருடைய பணியின் தோல்வி எனக் கொள்வது பொருந்தாது. பாடநூலை மாற்றினால் போதனை தானாகவே மாறிவிடும் என்ற நம்பிக்கையை அவர் முன்னரே கண்டித்திருந்தார். குழந்தை தந்த வழியைக் கேட்டு, அதிலிருந்து அடுத்த படியைத் தேர்ந்தெடுக்கும் திறமை ஆசிரியரிடம் அமையாவிடின், அரக்கனின் கையும் பெற்றோர் கூட்டமும் வெறும் வேடிக்கைக் கணக்குகளாகிவிடும். பயிற்சி தேவையில்லை என்பது அவர் கொள்கை அன்று; பொருள் விளங்கியபின் பயிற்சி வரவேண்டும் என்பதே அவர் வேண்டியது.

இந்தியப் பள்ளிகளுக்குப் பொருந்துவது

தேசியப் பாடத்திட்ட வரைவு 2005-ஐ ஒட்டி அமைந்த கணிதக் குழு, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதப் போதனையின் தலையாய நோக்கம் என்று கூறியது. அந்நோக்கத்திற்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள தூரத்தை அண்மைய ஆராய்ச்சியொன்று தெளிவாக்குகிறது. கல்கத்தா, டில்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய அவ்வாராய்ச்சி 2025-ம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. சந்தையில் பல பொருள்களின் விலையை மனக்கணக்காகக் கூட்டிச் சரியாகச் சில்லறை தந்த குழந்தைகளுள் பலர், பள்ளி முறையில் எழுதித் தந்த எளிய கணக்குகளில் தடுமாறினர். பள்ளிக் கணக்கில் தேர்ந்த மாணவரோ, சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஒரே எண்கணிதம் இரண்டு தனித்தனி அறிவாகப் பிரிந்து கிடக்கிறது.

இப்பிரிவை இணைக்கும் பாலத்தைக் கட்டுவது வகுப்பறையில் இருப்பவரின் பணி. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. 63-லிருந்து 28-ஐக் கழிக்கும்படி கூறி, மாணவர் ஐவரிடம் "எப்படிக் கண்டாய்?" என்று மட்டும் ஆசிரியர் கேட்கலாம். ஒருவன் முப்பதைக் கழித்து 33 ஆக்கி, கூடுதலாகக் கழித்த இரண்டைச் சேர்த்து 35 என்பான். மற்றொருவள் கடைக்காரரைப் போல 28-லிருந்து இரண்டு கூட்டி 30, பின்னர் 33 கூட்டி 63 என்று ஏறிச் செல்வாள். மூன்றாமவன் மூன்றிலிருந்து எட்டு போகாது என்பதால் எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 45 என்று எழுதியிருப்பான். தவறான அவ்விடைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்த ஆசிரியருக்கே அதைத் திருத்தும் வழி தெரியும்.

இவ்வாறு கேட்டவற்றைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. எந்த வினா எந்த வகுப்பில் வைக்கப்பட்டது, எந்தெந்த வழிகள் வந்தன, அடுத்த முறை வினாவை எவ்வாறு மாற்றுவது என்ற மூன்று செய்திகள் போதும். பள்ளிகளைப் பார்வையிடச் செல்லும் கள ஊழியர், வருகைப் பதிவேட்டுடன் இக்குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் படித்து, ஒரு பள்ளியில் கண்ட நல்ல வினாவை அடுத்த பள்ளிக்கு எடுத்துச் செல்லலாம். வான் ஹீலே தம்பதியரின் ஆராய்ச்சி ஒரு வகுப்பறையில், ஓர் ஆசிரியையின் குறிப்புகளிலிருந்தே எழுந்தது. பிராய்டென்தாலின் ஆராய்ச்சியும், பல்கலைக்கழகத்தின் கதவு அடைக்கப்பட்ட காலத்தில், வீட்டில் தம் குழந்தைகளின் கணக்கைக் கவனித்ததிலிருந்து தொடங்கியதே.